டௌரியும் டௌவரும் யாழ்ப்பாணத்துச் சீதனமும்

ஆங்கிலத்திலே டௌரி என்றும் டௌவர் என்றும் இரண்டு சொற்கள் உள. ஓசையால் அணுக்கமானவை, பிறப்பால் உடன்பிறப்புக்கள். இரண்டும் விவாகத்தை முன்னிட்டுப் பெண்ணொருத்திக்கு வந்துசேரும் பொருளையே குறிப்பன. ஆகவே இரண்டுக்கும் சீதனம் என்று பொருளெழுதி அகராதியை மூடிவிடுவது எளிது. அங்ஙனம் மூடுவோர் பெண்ணின் தகப்பனையும் கணவனையும் ஒருவரென மயங்கியவராவர். டௌரி என்பது தகப்பன் வீட்டிலிருந்து மணமகளோடு வருவது. டௌவர் என்பது கணவன் இறந்தபின் அவனுடைய நிலத்திலிருந்து கைம்பெண்ணின் சீவனத்துக்கென ஒதுக்கப்படுவது.

இம்மயக்கம் நெடுங்காலத்தது. மூலச்சொல் இலத்தீனத்துத் தோஸ் என்பது. உரோமருடைய சட்டத்தில் அது மனைவியின் பக்கமிருந்து கணவனிடம் வரும் பொருளைக் குறித்தது. ஜெர்மானியக் குடிகளிடையே கணவனே மனைவிக்குக் கொடுப்பதை உரோம வரலாற்றாசிரியர் தாசித்தசு புதுமையாகக் குறித்து வைத்தார். இங்கிலாந்தின் சட்டவறிஞரோ அதே இலத்தீன் சொல்லை எடுத்து, கணவனுடைய நிலத்தில் கைம்பெண்ணுக்குள்ள பங்குக்குச் சூட்டிவிட்டனர். இவை போதாவென்று, 1611 இல் வெளிவந்த ஆங்கில வேதாகமம் மணமகன் பெண்வீட்டாருக்குக் கொடுக்கும் பொருளையும் டௌரி என்றே மொழிபெயர்த்தது. தமிழர் அதற்குப் பரிசம் என்று தனிப்பெயர் வைத்திருக்கின்றனர்.

சொல் மயங்கினும் உரிமை மயங்கலாகாது என்பதை 1215 ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா என்னும் மகாசாசனம் உணர்ந்திருந்தது. அதன் ஏழாம் பிரிவு, கைம்பெண்ணுக்கு அவள் பிறந்த வீட்டார் மணத்தின்போது கொடுத்த பொருளை ஒன்றாகவும், டௌவரை வேறொன்றாகவும் பிரித்தே கூறுகின்றது. முன்னையதைத் தடையின்றி அவளிடம் ஒப்படைத்தல் வேண்டும். பின்னையதற்காக அவளிடம் எதுவும் அறவிடலாகாது. கணவன் இறந்தபின் நாற்பது நாள்வரை அவன் வீட்டில் அவள் தங்கலாம். அதற்குள் டௌவரைப் பிரித்துக் கொடுத்துவிடல் வேண்டும். நாளடைவில் நிலைபெற்ற அளவு மூன்றிலொரு பங்கு. அதுவும் ஆயுளுள்ளவரை அனுபவிக்கும் உரிமையேயன்றி விற்கும் உரிமையன்று. இங்கிலாந்தில் டௌவர் 1925 ஆம் ஆண்டின் சட்டத்தோடு ஒழிந்தது.

நாற்பது நாள் என்ற அந்தக் கணக்கு, சீதன வீடு பெற்ற யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு விளங்காத கணக்கு. அங்கே அவள் கணவன் வீட்டில் இருப்பவளல்லள். கணவனே அவள் வீட்டுக்கு வந்து குடியேறியவன். பெண்மக்கள் பலரைப் பெற்ற தகப்பன் வளவைக் கூறிட்டு, ஒருத்திக்கு ஒரு வீடாக எழுப்புவதற்கு ஆயுள் முழுவதும் உழைப்பது குடாநாட்டிற் கண்கூடு. அவ்வீட்டிலிருந்து கைம்பெண்ணை எழுப்புவதற்கு எவர்க்கும் உரிமையில்லை. சீதனம் என்ற சொல்லே ஸ்திரீதனம் என்பதன் திரிபு. பெண்ணின் பொருள் என்பதே அதன் கருத்து.

இவ்வழமையை எழுத்தில் வடித்தவர் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ். தேசாதிபதி சீமோன்ஸ் பணித்தபடி அவர் தொகுத்து 1707 இல் ஒப்படைத்த தேசவழமை, தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு விடப்பட்டது. பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

தேசவழமை பொருளை மூன்றாக வகுக்கும். கணவன்வழி வரும் பரம்பரைப் பொருள் முதுசம். மனைவி கொண்டுவருவது சீதனம். இருவரும் கூடிவாழ்ந்த காலத்தில் ஈட்டியது தேடியதேட்டம். ஆதியில் முதுசம் ஆண்மக்களுக்கும், சீதனம் பெண்மக்களுக்கும் போயின. பின்னர், பெற்றோரின் எப்பொருளிலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் போர்த்துக்கீசர் காலத்தில் ஏற்பட்டதென்று ஐசாக்ஸ் குறிக்கின்றார். சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய பொருளிற் பங்கு கேட்கலாகாது என்பது பழைய விதி. எனவே அது மாப்பிள்ளைக்குக் கொடுத்த விலையன்று. மகளின் பங்கு காலத்துக்கு முந்தியே கைமாறியது. அவள் பிள்ளையின்றி இறந்தால் அப்பொருள் கணவனைச் சேராமல் அவளுடைய சகோதரிகள் பக்கம் திரும்புவதும் இதனாலேயே. ஜாக் கூடி என்பாரோடு சேர்ந்து 1973 இல் வெளியிட்ட நூலிலே மானிடவியலாளர் தம்பையா யாழ்ப்பாணத்துச் சீதனத்தைப் பெண்ணின் சொத்தாகவே ஆராய்ந்தார்.

அப்படியானால் டௌவருக்கு நிகரானது யாழ்ப்பாணத்தில் உண்டோ? அப்பெயரில் இல்லை. கைம்பெண்ணுக்குப் பக்கபலமாக நிற்பது தேடியதேட்டம். 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1947 ஆம் ஆண்டின் திருத்தமும் ஒருவர் இறக்க எஞ்சியவருக்கு அதிற் பாதியை வைத்தன. ஆயுள்வரைக்கும் ஒதுக்கிய மூன்றிலொன்றை விட இது மேலானது; கணவன் நிலத்திலிருந்து இரங்கிக் கொடுத்ததுமன்று.

இனி, மணப்பேச்சில் இன்னொரு பொருளும் புகுந்துவிட்டது. மாப்பிள்ளை பகுதியார் கையிலே பெற்றுக்கொள்ளும் காசு அது. அதற்கு நன்கொடை என்று பெயர். கேட்டு வாங்குவதற்கு நல்ல பெயர்தான்! வீடு காணிக்குச் சீதன உறுதி உண்டு. நொத்தாரிசு பெண்ணின் பெயரை அதில் எழுதுகிறார். இக்காசுக்கு உறுதியுமில்லை, பெண்ணின் பெயருமில்லை. ஆயினும் ஊர்வாயில் இரண்டும் சீதனமே. ஆங்கிலம் பேசுவோர் வாயில் இரண்டும் டௌரியே. சீதனத்தை ஒழிக்க வேண்டும் என்று மேடையிற் பேசுவோர் இவற்றுள் எதனை ஒழிக்கச் சொல்கின்றனர் என்று கேட்டறிதல் நன்று. காசு ஒழிந்தால் பெண்ணுக்கு நட்டமில்லை. பெண்ணின் பங்கை வேறு வழியில் உறுதிசெய்யாமல் வீட்டையும் ஒழித்தால் அவள் நாற்பது நாள் கணக்குக்குத் திரும்பிவிடுவாள்.

சட்டம் இயற்றுவோர் இவ்வேறுபாட்டைத் தவறவிடவில்லை. 1961 இல் இந்தியா வரதட்சணையை விலக்கி இயற்றிய சட்டத்தின் ஆங்கில வாசகம் டௌரியைத் தடுக்கையிலே, முசிலிம் கணவன் மனைவிக்குக் கொடுக்கும் மகரை டௌவர் என்று பெயர் சுட்டி விலக்கிவைத்தது. இலங்கையின் 1951 ஆம் ஆண்டு முசிலிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மகரையும் கைக்கூலியையும் வெவ்வேறாகவே எடுத்தாண்டது. பெண்ணின் உறவினர் அவள் பொருட்டு மணமகனிடம் கொடுக்கும் கைக்கூலியை, மனைவி வழக்கிட்டுத் திரும்பப் பெறவும் அது வழிவகுத்தது. நன்கொடை கொடுத்த யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்கு இது பொறாமை தரக்கூடிய ஏற்பாடு.

சீதன வீட்டுக்காரியின் நிலையும் முற்றும் நிறைவானதன்று. அவள் சீதனம் அவளுக்கே உரியதென்றும், கணவன் பட்ட கடனுக்கு அது பொறுப்பாகாதென்றும் 1911 ஆம் ஆண்டின் சட்டம் தெளிவாகக் கூறிற்று. மரண சாசனத்தால் அவள் விரும்பியவர்க்கு எழுதிவைக்கவும் இடமளித்தது. ஆனால் உயிரோடிருக்கையில் அவ்வீட்டையோ காணியையோ விற்பதற்குக் கணவனுடைய எழுத்துமூலமான சம்மதம் வேண்டுமென்று விதித்தது. அவன் சம்மதியானாயின், அல்லது கைவிட்டுப் போய்விட்டானாயின், தன் தகப்பன் தனக்குத் தந்த வளவின் பொருட்டு அவள் நீதிமன்றப் படியேறி அச்சம்மதத்தைப் பெறவேண்டும்.