நஞ்சை மருந்தாக்கும் கைகள்



தொல்குடி மருத்துவர் என்றதும் அவரை எள்ளி நகையாடுவோர் ஒரு சாரார். எல்லா நோய்க்கும் அவரிடம் மருந்துண்டு என நம்புவோர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்தும் பொருந்தா என்பது என் துணிபு. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நான் வாழும் ஆதம்பாக்கத்திற்குத் தெற்கே, செங்கற்பட்டு மாவட்டத்தில், இருளர் குடியிருப்புகள் பல உள்ளன.

மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் இருளர் திரண்டு கன்னியம்மனை வழிபடுகின்றனர். அருள் வந்து ஆடுபவரின் வாயிலாக அம்மனே பேசுவதாக நம்புகின்றனர். சைபீரியாவின் துங்குசு மக்கள் இத்தகையோரை ‘ஷாமன்’ என்றனர். அச்சொல்லே இன்று உலகெங்கும் வழங்குகிறது. நோயாளியின் அச்சத்தை ஆற்றுவதும், அவர் தனித்தவர் அல்லர் என உணர்த்துவதும் இவர்தம் பணியாகும். அது சிறு பணியன்று.

இருளரின் மூலிகை அறிவும் பெரிது. அதனைக் காக்கும் நோக்குடன், 1986-ஆம் ஆண்டு தோன்றிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் மூலிகைகளை வளர்த்து வருகிறது.

ஆயினும் பாம்புக்கடிக்கு வேரும் மந்திரமும் உதவுமா? உதவா. பல கடிகள் நஞ்சற்ற பாம்பினுடையவை; நச்சுப்பாம்பும் சில வேளை நஞ்சைச் செலுத்தாமலே கடிப்பதுண்டு. அப்போது எவ்வேரைக் கொடுத்தாலும் நோயாளி பிழைப்பார். புகழ் வேருக்குச் சேரும். நஞ்சு ஏறியவரோ காலம் தாழ்த்தியதால் மாள்வார். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்பது ஆய்வாளர் கணக்கு.

ஆனால், அவர்களைக் காக்கும் மருந்தின் தொடக்கமும் இருளரின் கையிலேதான் உள்ளது! முன்னர்த் தோலுக்காகப் பாம்பு பிடித்த இவர்கள், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனையடுத்து வந்த தடைகளும் பிழைப்பைப் பறித்தபோது, 1978-இல் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவினர். அதன் நிலையம் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் உள்ளது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றினால், அதன் குருதியில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. அதுவே மருத்துவமனையில் ஏற்றப்படும் நச்சுமுறி மருந்து. இருளராகிய வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

தடம் கண்டு வளையறியும் கூர்மையை இவர்கள் எக்கல்லூரியிலும் கற்கவில்லை. தந்தையோடும் தாயோடும் வயல்வெளியில் நடந்து கற்றனர். அத்தகைய அறிவை ஆய்ந்து ஏற்பதும், அதற்குரியவரின் பெயரையும் பங்கையும் மறவாதிருப்பதும் கற்றோர் கடன். பாம்பு கடித்தால் கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். அங்கே உங்களுக்கு ஏற்றப்படும் மருந்திலும் ஓர் இருளரின் உழைப்பு உண்டென்பதை நினைவிற் கொள்ளுங்கள்.