சின்ன இடி, பெரிய தலைவலி



சிக்னலில் கார் லேசாக இடித்து பம்பர் உடைந்தது என்று வையுங்கள். சண்டை வேண்டாம். போட்டோ எடுங்கள்; எதிர் வண்டி நம்பரைக் குறியுங்கள். கம்பெனிக்குச் சொல்லும் முன் மெக்கானிக்கைக் கை வைக்க விடாதீங்க. சேதத்தைப் பார்க்காமல் எவன் பணம் தருவான்?

பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்கு, ‘ஜீரோ டெப்’ எடுக்காதவருக்குப் பாதி விலைதான். கிளெய்ம் கேட்டால் நோ கிளெய்ம் போனஸும் போச்சு. ஐந்து வருஷம் கேட்காதவருக்கு அது, சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம்! கணக்குப் போட்டுக் கேளுங்கள்.

நியாயமான கிளெய்மை மறுத்தால் தலைவிதி என்று விடாதீங்க. கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். மறுபடி மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே இல்லை என்றாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.