பூட்டிய அறையிற் பிறந்த புள்ளிகள்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பொருளியல் ஆராய்ச்சியொன்றைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளார்கள். தோட்டத்தினின்று நேரே வந்திருக்கும் கமக்காரர் பலரை முன்வரிசையிற் காண்கின்றோம். அவர்கள் மிரளவேண்டியதில்லை. வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டுசென்று, தராசின் முள்ளைத் தம் கண்ணாற் பார்த்து விற்ற எவருக்கும் இவ்வாராய்ச்சி விளங்கும்.

ஆபிரிக்காவிலே உகண்டா என்றொரு நாடு. றீத்வா றைனிக்கா, யேக்கப் சுவென்சன் எனும் பொருளியலறிஞர் இருவர், 1991 முதல் 1995 வரை அந்நாட்டு மத்திய அரசு ஆரம்பப் பாடசாலைகளுக்கென அனுப்பிய மானியப் பணத்தின் அடிச்சுவட்டைப் பின்தொடர்ந்தனர். 100 ரூபா புறப்பட்டதெனில், சராசரியாக 13 ரூபாவே பாடசாலை வாசலை அடைந்தது. பெரும்பாலான பாடசாலைகளுக்கு ஒரு சதமேனும் கிட்டவில்லை. இடைவழியில் மாவட்ட உத்தியோகத்தரும் அரசியல்வாதிகளும் அதனைத் தடுத்து வேறு காரியங்களுக்குத் திருப்பிவிட்டனர். இதைத் தட்டிக்கேட்பார் இல்லாமற் போனதேன்? தமக்கு இவ்வளவு பணம் உரியதென்பதே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரியாது!

பின்னர் அவ்வரசாங்கம், எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பப்பட்டது என்பதைப் புதினப் பத்திரிகைகளில் வெளியிடலாயிற்று. பாடசாலைச் சுவரிலும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. 2001ஆம் ஆண்டளவில், அனுப்பியதில் 100க்கு 80க்கு மேல் பாடசாலைகளைச் சென்றடைந்தது. பத்திரிகை விற்கும் இடத்துக்கு அண்மையிலிருந்த பாடசாலைகளே கூடிய பயன் பெற்றன. அங்கே பிள்ளைகளின் சேர்வு பெருகிற்று. ஓரளவுக்குக் கற்றலும் உயர்ந்தது.

சட்டத்தொழில் புரிவோர் எதிர்ச்சாட்சியையும் மன்றின் முன் வைக்கக் கடமைப்பட்டவர்கள். போல் ஹபார்ட் என்பவர் 2007இல் இம்முடிவை மறுவிசாரணை செய்தார். அதே காலத்தில் உகண்டா ஆரம்பக் கல்விக் கட்டணத்தை நீக்கியது, மானியத்தைப் பெருக்கியது, நிதி மேற்பார்வையைத் திருத்தியது; ஆதலின் பத்திரிகை விளம்பரம் ஒன்றே இம்மாற்றத்தை விளைவித்ததென்பது மிகை என்றார். இந்த வாதத்தை நாம் ஏற்கின்றோம். கணக்கை வெளியிடுதல் மட்டும் போதாது. அதைப் படித்துக் கேள்வி கேட்போரும், கேட்டால் பதில் சொல்லியே தீரவேண்டிய நிலையிலுள்ள உத்தியோகத்தரும் வேண்டும். ஆனால் வெளியிடாத கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்க யாராலும் முடியாதே!

உகண்டா தூரத்து நாடு. நம் ஊர் விடயத்துக்கு வருவோம். தோட்டக் காணியை ஈடுவைத்து மகனைப் படிப்பித்த தலைமுறை இங்குண்டு. 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது பேராதனைப் பொறியியற் பீடம் புகத் தமிழ்மொழி மூல மாணவனுக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களமொழி மூல மாணவனுக்கு 227 போதும் என்றாயிற்று. மருத்துவத்துக்கு 250உம் 229உம். தமிழ்ப் பரீட்சகர்கள் தம்மவருக்குப் புள்ளியை அள்ளி வழங்கினர் என்ற வதந்தி முதலிற் பரவியது; விசாரித்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எனினும் வெட்டுப்புள்ளி விதிக்கப்பட்டபடியே நின்றது. தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் அதனைத் தொடர்ந்தன. அவற்றை ஆராய்ந்து அச்சேற்றியவர்களுள் முதன்மையானவர் சிங்களவரான வரலாற்றறிஞர் சி. ஆர். டி சில்வா என்பதை மறத்தல் தகாது. மாவட்ட ஒதுக்கீட்டினால், யாழ்ப்பாணத்துக்கு வெளியே வசதி குன்றிய மாவட்டங்களிலிருந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலரும் பல்கலைக்கழகம் புகுந்தனர் என்பதைச் சொல்லாது விடுதலும் நேர்மையன்று.

ஒதுக்கீடு நியாயமா, அநியாயமா என்பது வேறு வழக்கு. அந்த எண்கள் எவ்வாறு பிறந்தன என்பதே இன்றைய கேள்வி. பூட்டிய அறைக்குள்ளே சிலர் கூடி முடிவு செய்தனர். வெளியே நின்ற பெற்றோருக்குக் கிடைத்தது வதந்தி. காரணம் காட்டப்படாத எண்ணை நியாயமானதென நம்ப எந்தத் தகப்பனும் உடன்படான். அன்று மனமுறிந்த இளைஞர் எவ்வழி சென்றனர் என்பதை இச்சபைக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இது பழங்கதை எனத் தள்ளிவிடவும் இயலாது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலே, பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் எழுதிய மாணவரை ஒன்றாய்க் கலந்து இசட் புள்ளியைக் கணித்தனர். மாணவர்கள் வழக்காடினர். 2012 யூன் மாதம் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை இரத்துச்செய்து, மீண்டும் கணிக்குமாறு கட்டளையிட்டது. கணித்த முறை வெளியே தெரிந்தமையாலன்றோ பிழையைச் சுட்ட முடிந்தது?

இன்று நம் கையில் ஒரு சட்டமுண்டு. 2015இல் 19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அரசியலமைப்பில் அடிப்படை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. கச்சேரியும் பிரதேச சபையும் மட்டுமல்ல, பல்கலைக்கழகங்களும் அதற்குட்பட்டவையே. இரகசியமாகப் பேணவேண்டிய பரீட்சைத் தகவல்களுக்கு விலக்குண்டு. ஆயினும் பொதுமக்கள் நலன் மேலோங்குமிடத்து விலக்கைக் காட்டித் தகவலை மறுத்தலாகாது என அதே சட்டம் கூறுகின்றது. (இந்தியாவில் இத்தகைய சட்டத்தை முதன்முதல் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. நம் பெருமைக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

எதைக் கேட்பது? 1974இல் வளாகமாய்த் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே நும் பிள்ளை படிக்கின்றான் எனக் கொள்வோம். அவன் துறையில் அங்கீகரிக்கப்பட்ட விரிவுரையாளர் பதவிகள் எத்தனை, வெற்றிடமாயிருப்பவை எத்தனை, எத்தனை மாதமாக? ஆய்வுகூடத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? பரீட்சை முடிந்து பெறுபேறு வெளிவரச் சென்ற நாள்கள் எத்தனை? இவை எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கேள்விகளல்ல. நல்ல நிர்வாகி இவற்றை விரும்புவார். மேலிடத்தில் ஆளணி கேட்க அவருக்கும் அது துணையாகும்.

அரசிடம் கணக்குக் கேட்கும் நாம், நம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வரவுசெலவை வாசலில் ஒட்டியிருக்கின்றோமா? கோயிற் கணக்கைப் பற்றி இவ்விடத்தில் வாய் திறந்தால் கூட்டம் கலைந்துவிடும், அதை விடுவோம்.

இனிச் செய்முறை. அப்புக்காத்துத் தேவையில்லை. தமிழில் எழுதலாம்; எழுத இயலாதவர் வாயாற் சொல்லலாம். காரணம் கூறவேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுள் முடிவை அறிவிக்கவேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ, 14 நாள்களுள் அந்நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதுவும் பயனின்றேல் இரண்டு மாதத்துள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அதற்கும் மேலே மேன்முறையீட்டு நீதிமன்றம். விண்ணப்பத்தைக் கொடுத்தவுடன் எழுத்துமூலப் பற்றுச்சான்று தருவது அலுவலரின் கடமை. அதைக் கேட்டு வாங்கி, காணி உறுதியோடு சேர்த்துப் பெட்டியிற் பத்திரப்படுத்துங்கள். கெடு தவறியது என்று பின்னர் நிறுவ அந்தத் துண்டே சாட்சி.