மழைக்கு முன்னே மரம் அறுக்கும் மெஷினைப் பார்ப்போம்
(பராமரிப்பு வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சிமாரும் அக்காமாரும் இத்தனை பேர் மோட்டார் ரூம் வாசலுக்கு வந்ததே சந்தோஷம்.

போன மழையில் வாசல் வேம்பின் பெரிய கொப்பு ஒடிந்து கேட்டை அடைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் மாடி அக்கா டயாலிசிஸுக்குக் கிளம்பி, காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மெஷினைக் கொண்டுவந்து கயிற்றை இழுத்தோம், இழுத்தோம், ஓடவில்லை. கடைசியில் வெட்டரிவாளை வைத்துக் கொத்தித்தான் வழிவிட்டோம். இரண்டு மணி நேரம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்த மாதிரி இன்னொரு மழை வந்தால், வெளியே இருந்து ஆள் வந்து சேர முடியாது. நம் மெஷின் நமக்கு ஓடவேண்டும்.

கோளாறு கார்புரேட்டரில்தானா என்று முதலில் பாருங்கள். ஏர் ஃபில்டர் அடைப்பு, டேங்குக்குள் கிடக்கும் பெட்ரோல் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மூன்றையும் பார்த்த பிறகு ஒரு சோதனை. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஆயில் கலந்த பெட்ரோல் சில சொட்டு விட்டு, பிளக்கை மறுபடி முடுக்கி இழுங்கள். இரண்டு விநாடி ஓடி நின்றால் தீப்பொறி நன்றாயிருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை என்று அர்த்தம். நம் மெஷின் அப்படித்தான் ஓடி நின்றது.

பைக் கார்புரேட்டரில் மிதவை இருக்கும். மரம் அறுக்கிற மெஷினைச் சாய்த்தும் கவிழ்த்தும் பிடிக்கிறோமே, அங்கே மிதவை சரிப்படாது. அதனால் உள்ளே மெல்லிய ஜவ்வு வைத்திருக்கிறார்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் ஜவ்வு விறைத்துப்போகும், சின்னத் துவாரங்கள் பிசின் பிடித்து அடைபடும். ஜவ்வு கிட் மட்டும் மாற்றினாலே பல மெஷின்கள் ஓடிவிடும். அதை முதலில் செய்து பாருங்கள் என்பது என் கருத்து. உடலுக்குள்ளேயே பச்சை பிடித்திருந்தால் முழுசாக மாற்றிவிடுவது நல்லது. பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். மேலே பொறித்திருக்கும் நம்பரைப் பார்த்து வாங்குங்கள்.

மாற்றும் வேலை சின்னதுதான். திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள், அடுப்பங்கரையிலும் பூஜை விளக்குப் பக்கத்திலும் வேண்டாம். மெஷின் ஆறியிருக்கவேண்டும், பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள், டேங்கை வடித்துவிடுங்கள். மூடியைத் திறந்ததும் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டரை எடுத்து, இரண்டு நட்டைக் கழற்றினால் கார்புரேட்டர் முன்னால் வரும். பெட்ரோல் டியூபையும் ஆக்ஸிலேட்டர் கம்பியையும் சோக் கம்பியையும் விடுவியுங்கள். உடனே இன்ஜின் வாயில் சுத்தமான துணியை அடையுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பிஸ்டனுக்குக் கேடு.

இனி சொல்வதைக் கவனியுங்கள், பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டில் பெரிய ஓட்டையோடு ஒரு சின்ன ஓட்டையும் இருக்கும். இன்ஜினின் மூச்சு அந்த வழியாக வந்துதான் ஜவ்வை ஆட்டிப் பெட்ரோலை இழுக்கிறது. கேஸ்கெட்டைத் திருப்பி மாட்டி அது மூடிப்போனால், புதுக் கார்புரேட்டரும் செத்த கார்புரேட்டர்தான். மூன்று ஓட்டையும் நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகே நட்டை முடுக்குங்கள். பழைய டியூப் வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

பெட்ரோலில் எவ்வளவு ஆயில் என்பது மெஷின் புத்தகத்தில் இருக்கும். 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 50க்கு 1 என்றால் 20. கண்ணால் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள், அளவுக் குப்பி பத்து ரூபாய்ச் சமாச்சாரம்.

எல், எச் என்று போட்ட இரண்டு ஸ்குரூவையும் மெதுவாக மூடி, அது உட்கார்ந்ததும் ஒரு சுற்றுத் திறந்தால் பெரும்பாலான மெஷின்கள் ஸ்டார்ட் ஆகும். அழுத்தி முடுக்கினால் ஊசிமுனை கெட்டுவிடும். இரண்டு, மூன்று நிமிடம் சூடேறட்டும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தவுடன் அணைந்தால் எல் ஸ்குரூவைக் கொஞ்சம் திறங்கள். எச் ஸ்குரூவை ரொம்ப மூடிவிட்டால் மெஷின் கீச்சென்று கத்தும். ஜோராக ஓடுகிறதே என்று நினைக்கவேண்டாம். ஆயில் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்வது அப்படித்தான். கொஞ்சம் கனத்த, சற்று விட்டுவிட்டு வரும் சத்தம்தான் நல்லது. ஐட்லிங்கில் செயின் ஓடவே கூடாது. ஓடினால் டி ஸ்குரூவைக் குறையுங்கள். நிற்கும்வரை அந்த மெஷினோடு மரத்தடிக்குப் போகாதீர்கள்.

கொப்பு கரண்ட் கம்பி மேல் கிடந்தால் நாம் கை வைக்கக் கூடாது. மின்னகம் 94987 94987, கூப்பிட்டுச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டும்.

வேலை முடிந்து மெஷினை வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். நம் மெஷினில் நேற்று கார்புரேட்டர் மாற்றி ஓட்டிப் பார்த்தாயிற்று. மோட்டார் ரூமில் இருக்கிறது. கையுறை, கண்ணாடி, அளவுக் குப்பி எல்லாம் பக்கத்து டப்பாவில். ஐப்பசி முடியும்வரை ஞாயிறு காலை 8 மணிக்கு ஓட்டிப் பார்ப்போம். இழுத்துப் பழக விரும்புகிறவர்கள் அப்போது வாருங்கள், சுவிட்சை எங்கே அணைப்பது என்று காட்டித் தருகிறேன்.