பழைய வீடு, புதிய அஸ்திவாரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவு முடிந்த கையோடு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தூங்குகிறவர்களை நான் எழுப்ப மாட்டேன். விழித்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன்: லினக்ஸ் கணினியின் அடித்தளம் மாறும்போது, அதன் மேல் இருக்கும் பழைய முகப்புத் திரையை எப்படிக் காப்பாற்றுவது?

எங்கள் பேட்ச் வெளியே போனது 2011-இல். நாங்கள் லேபில் பழகியது க்னோம் 2. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை; யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. பிடிக்காதவர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய நிரலை எடுத்து 'மாட்டே' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். கே.டி.இ. 3.5 இதேபோல 'டிரினிட்டி' ஆயிற்று. பழகிய திரையை மனிதர்கள் அவ்வளவு லேசில் விடுவதில்லை.

இப்போது வந்திருக்கும் மாற்றம் அதைவிட ஆழமானது. இந்த முகப்புகள் எல்லாவற்றுக்கும் கீழே எக்ஸ் விண்டோ சிஸ்டம் இருந்தது. 1984-இல் எம்.ஐ.டி.யில் பிறந்தது; 1987-இல் வந்த எக்ஸ்11 என்ற வடிவம்தான் இன்றுவரை நிற்கிறது. 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் என்பவர் அதற்கு மாற்றாக வேலேண்டைத் தொடங்கினார். மாசசூசெட்ஸில் அவர் காரில் கடந்துபோன ஓர் ஊரின் பெயர் அது. 2024 பிப்ரவரியில் கே.டி.இ. பிளாஸ்மா 6 வேலேண்டையே முதல் தேர்வாக்கியது. 2025-இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10-இல் பழைய எக்ஸ் சர்வரே கிடையாது.

என்ன வித்தியாசம் என்று நம்ம ஊர் பாஷையில் சொல்கிறேன். எக்ஸ் என்பது அந்தக் காலத்துக் கல்யாண மண்டபம். இடம் மட்டும் அவர்களுடையது. சமையல்காரரை நாம் அழைத்து வரலாம். அந்தச் சமையல்காரர்தான் 'விண்டோ மேனேஜர்'. எந்த ஜன்னல் எங்கே நிற்கும், எது முன்னால் வரும் என்று பார்த்துக்கொள்ளும் தனி நிரல். வேலேண்ட் இந்தக் காலத்து மண்டபம். "வெளிச் சமையல்காரருக்கு அனுமதி இல்லை, எல்லாம் எங்க கான்ட்ராக்ட்" என்று போர்டு போட்டிருக்கும். திரையில் வரைவதும் ஜன்னல்களை நிர்வகிப்பதும் ஒரே நிரல். அதற்குக் 'கம்பாசிட்டர்' என்று பெயர்.

இதற்கு நியாயமான காரணம் உண்டு. எக்ஸ் மண்டபத்தில் கதவே இல்லை. ஒரு ஜன்னலில் நீங்கள் பாஸ்வேர்டு அடித்தால், பக்கத்து ஜன்னலில் ஓடும் நிரல் அதை ஒட்டுக்கேட்க முடியும். வேலேண்ட் அந்தக் கதவைச் சாத்தியது. ஆனால் முப்பது ஆண்டுகளாகச் சமைத்துக்கொண்டிருந்த பழைய ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள்.

இது ஏதோ ரசனை விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கன்ட்ரோல் ரூமில் ஒரு கண்காணிப்பு நிரல் இருக்கிறது. மோட்டிஃப் காலத்தது. எழுதியவர்களும் இல்லை, மூல நிரலும் இல்லை. எஃப்.வி.டபிள்யூ.எம். என்ற பழைய விண்டோ மேனேஜரின் மேல் ஓடுகிறது. கணினியைப் புதுப்பிக்க வேண்டும் என்று முடிவானதும், ஷிஃப்டில் மூத்தவரான ஓர் அண்ணன் என்னிடம் வந்தார். "தம்பி, கலரை மாத்துங்க, பெட்டியை மாத்துங்க. ஆனா அந்தப் பட்டன் இருக்கிற இடத்தை மட்டும் மாத்தாதீங்க. அலாரம் அடிச்சா நான் யோசிக்கிறதில்ல, கை தானா போகுது" என்றார்.

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குப் பிரச்சினையை விளக்கியதில்லை.

வழிகள் மூன்று. ஒன்று, முகப்பையே வேலேண்டுக்காகத் திருத்தி எழுதுவது. க்னோமும் கே.டி.இ.யும் செய்தது அதுதான். ஆள்பலம் வேண்டும், ஆண்டுகள் வேண்டும்.

இரண்டாவது, சமையல்காரரை மட்டும் மாற்றுவது. 2024 டிசம்பரில் வந்த எக்ஸ்.எஃப்.சி.இ. 4.20 சோதனை முறையில் இப்படிச் செய்கிறது. பட்டை, மெனு எல்லாம் அதனுடையவை. ஜன்னல்களைப் பார்த்துக்கொள்வது 'லாப்டபிள்யூ.சி.' போன்ற ஒரு கம்பாசிட்டர். முகம் அதேதான், கை வேறு.

மூன்றாவது, மண்டபத்தின் பின்கட்டில் நாமே ஒரு கொட்டகை போட்டு, நம்ம ஆளைக் கொண்டே சமைப்பது. இதற்கு உதவுவது 'எக்ஸ்-வேலேண்ட்'. வேலேண்டின் மேல் ஓடும் ஓர் எக்ஸ் சர்வர் அது. வழக்கமாக அது பழைய நிரல்களின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் புதிய திரைக்கு அனுப்பும். அந்த முறையில் எஃப்.வி.டபிள்யூ.எம். எங்களிடம் தொடங்கவே மறுத்தது; ஏற்கெனவே வேறொரு மேலாளர் இருக்கிறார் என்றது. கம்பாசிட்டரே அந்தப் பதவியில் உட்கார்ந்திருந்தது. அதனால் எக்ஸ்-வேலேண்டை 'ரூட்ஃபுல்' முறையில் ஓட்டினோம். முழு எக்ஸ் திரையும் ஒரே பெரிய ஜன்னலாகத் திறக்கும். அதற்குள்ளே பழைய விண்டோ மேனேஜர், பழைய அமைப்புக் கோப்பு, பழைய பட்டன் எல்லாம் அப்படியே வந்து உட்கார்ந்தன.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே காப்பி செய்ததை வெளியே ஒட்ட முடியாது. ஆல்ட்-டேப் அழுத்தினால் வெளியில் இருப்பவர் பிடித்துக்கொள்வார். அதற்குத் தனியாக வழி செய்ய வேண்டும். உள்ளே திரையைப் பூட்டினால் வெளித்திரை பூட்டாது. கொட்டகைக்குள் ஒட்டுக்கேட்கும் பழைய தொல்லையும் தொடரும், ஆனால் சத்தம் வெளியே போகாது. ஒவ்வொன்றாகச் சோதித்து, பட்டியல் போட்டு, அதன் பிறகுதான் ஷிஃப்டில் கொடுத்தோம்.

இந்த மூன்றாவது வழியையே முறைப்படுத்தும் முயற்சி ஒன்றும் 2025-இல் தொடங்கியது. 'வேபேக்' என்று பெயர். தொடங்கியவர் அரியட்னி கோனில். எக்ஸ்-வேலேண்டைத் தாங்கிப்பிடிக்க மட்டும் ஒரு சின்னஞ்சிறு கம்பாசிட்டர், மற்றதெல்லாம் பழைய முகப்பு. இதனால் பழைய எக்ஸ் சர்வரின் பெரும்பகுதி நிரலைத் தனியாகப் பராமரிக்கும் சுமை குறையும். வீட்டை இடிக்காமல் அடியில் அஸ்திவாரத்தை மாற்றும் வேலை இது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. புதிதாகக் கட்டுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். பழையதை ஓட வைப்பவரை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அந்த அண்ணனின் கைக்குத் தெரியும். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் இதை எடுங்கள்: மாட்டேயை ரூட்ஃபுல் முறையில் ஓட்டி, தமிழ்99 தட்டச்சு, பிரின்டர், திரைப்பூட்டு எல்லாவற்றையும் சோதித்து, எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று எழுதி வையுங்கள். உலகத்தில் எங்கோ ஒருவர் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார். சந்தேகம் வந்தால் எங்களைக் கேளுங்கள். முன்னாள் மாணவர்கள் வேறு எதற்கு இருக்கிறோம்?