இல்லத்தை நிரப்புதலும் இச்சையை அளத்தலும்

 

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் உழவைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல, கல்வியாலும் பணியாலும் இன்று நகரங்களில் குடியேறியுள்ளன. அங்கே சொந்த வீடு வாங்குவது அவர்தம் நெடுநாள் உழைப்பின் பயன். அதில் மகிழ்வது இயல்பே. ஆயினும், வீட்டின் சாவி கைக்கு வந்த நாள்முதல் மற்றொரு வினா எழுகிறது: அவ்வீட்டினுள் எவற்றை வைப்பது? அவற்றிற்கு எவ்வளவு செலவிடுவது?

இஃது அறத்தோடு தொடர்பற்ற உலகியல் வினா என்று பலர் எண்ணுவர். அறநூல்கள் அவ்வாறு எண்ணவில்லை. இல்லறத்தார் மிகுபொருள் விரும்பாமை என்னும் அனுவிரதத்தில் எவ்வெவற்றின் அளவை மீறுதல் குற்றம் எனக் கூறும் தத்துவார்த்த சூத்திரம், நிலம், வீடு, வெள்ளி, பொன் முதலியவற்றோடு துணி முதலான வீட்டுப் பொருள்களையும் சேர்த்தே எண்ணுகிறது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்கு ‘இச்சா பரிமாணம்’ என்றும் ஒரு பெயர் தருகிறார். இச்சையை அளத்தல் என்பது அதன் பொருள். அனைத்தையும் துறத்தல் முனிவர்க்குரியது. இவ்வளவு போதும் என ஓர் எல்லை வகுத்து, அதற்கு மேற்பட்டதில் ஆசை கொள்ளாதிருத்தல் இல்லறத்தார்க்குரியது.

எல்லையை எப்போது வகுப்பது? பொருளைக் காண்பதற்கு முன்னரே வகுத்தல் வேண்டும். கடையின் ஒளிவிளக்குகளுக்கிடையே நின்றுகொண்டு வகுக்கும் எல்லை, விற்பவர் வகுக்கும் எல்லையாகவே முடியும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மகனும் மருமகளும் பணிக்குச் செல்பவர்கள். முதிய தாய் உடன் வாழ்கிறார். வீட்டுக் கடன் முன்னரே உண்டு. எதிர்வீட்டின் கூடத்தைக் கண்டு வந்தபின், தம் கூடம் வெறுமையாகத் தோன்றுகிறது. பிறர் செல்வத்தைக் கண்டு மிக வியத்தலை இவ்விரதத்தின் குற்றங்களுள் ஒன்றாக ஆன்றோர் வைத்தமை எண்ணத்தக்கது. சோபா, கண்ணாடி அலமாரி, பெரிய கட்டில் ஆகியவற்றிற்காக 2 இலட்சம் ரூபாய் தனிக்கடன் பெறப்படுகிறது. ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியில் 3 ஆண்டுகளில் அடைப்பதாயின், மாதத் தவணை ஏறக்குறைய 6,930 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 49,600 ரூபாய். பொருள் பழையதாகிறது, தவணையோ தவறாமல் வருகிறது. பெயர்த்தியின் படிப்பிற்கோ, ஊர் ஜினாலயத் திருப்பணிக்கோ ஒதுக்க வேண்டிய தொகை அதில் கரைகிறது.

அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தாய் நாள்தோறும் அமர்ந்து சாமாயிகம் செய்த மூலையில் கண்ணாடி அலமாரி வந்து நிற்கிறது. அவர் ஒன்றும் சொல்வதில்லை. படுக்கையின் ஓரத்தில் அமர்ந்துகொள்கிறார். அவ்வீட்டில் பொருள் பெருகியது. அறம் செய்யும் இடம் குறைந்தது. இக்கணக்கு எந்த ரசீதிலும் வருவதில்லை.

பொருளின் விலையோடு, அது வந்த வழியையும் ஆராய்தல் வேண்டும். தோலுறை இட்ட இருக்கை உயிர் நீத்த விலங்கின் தோல். பட்டுத் திரைச்சீலைக்கும் பட்டுத் தலையணை உறைக்கும் நூல் எடுக்கக் கூட்டுப்புழுக்கள் உயிரோடு வெந்நீரில் இடப்படுகின்றன. உணவில் கிழங்கையும் தேனையும் விலக்கும் இல்லம், கூடத்தில் இவற்றை ஏற்பது பொருந்துமா? பருத்தி உறை அதே பயனைத் தருகிறது. விலையும் பெரும்பாலும் குறைவு.

பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்களைக் காத்தல் ஐந்து சமிதிகளுள் ஒன்று. முனிவர்க்குரிய இந்நெறியின் நிழல் இல்லறத்திலும் விழ வேண்டும். தரையோடு ஒட்டிய கட்டிலின் அடியில் துடைப்பம் நுழையாது. அங்கே எறும்பும் கரப்பும் சேரும். பின்னர் மருந்து தெளித்துக் கொல்ல நேரும். உயர்ந்த கால்களும் எளிய வேலைப்பாடும் உடைய மரப்பொருள் இத்தீவினையைத் தவிர்க்கும்.

இவ்வாறு கூறுவதால், வசதி வேண்டா என்பது கருத்தன்று. முழங்கால் நோயுற்ற முதியவர்க்கு உயரமான நாற்காலி தேவை. படிக்கும் பிள்ளைக்கு மேசை தேவை. தேவைக்கு வாங்கும் பொருளை விரதம் தடுப்பதில்லை. பொருளின்மீது கொள்ளும் மயக்கமே பரிக்கிரகம் என்பது ஆன்றோர் கொள்கை. ஆதலின் வறியவனின் ஏக்கமும் பரிக்கிரகமே; எளிமையைக் காட்டிப் பெருமை கொள்வதும் அதுவே.

புதுமனை புகும் குடும்பத்தார் ஒருநாள் மாலை ஒன்றாக அமர்ந்து, தேவையானவற்றை ஒரு தாளில் எழுதலாம். முதியோரையும் சிறுவரையும் கேட்டே எழுதுதல் நன்று. ஊர் வீட்டில் பயனின்றிக் கிடக்கும் தேக்குப் பெட்டியும் விசுப்பலகையும் அத்தாளில் முதலிடம் பெறட்டும். கடன் இன்றி வாங்கத்தக்கவற்றை மட்டும் வாங்கி, ஓராண்டு வாழ்ந்து பார்க்கலாம். அதன்பின்னும் தேவையாகத் தோன்றுவது பெரும்பாலும் தேவையே.

முனிவர் ஒருவர் ஆகாரத்திற்கு எழுந்தருளினால், அவர் நின்று கையேந்தி உணவு கொள்ளத் தூய இடம் அவ்வீட்டில் இருத்தல் வேண்டும். முதியவர் அமர்ந்து சாமாயிகம் செய்ய ஒரு மூலை வேண்டும். இவ்விரண்டிற்கும் இடம் ஒதுக்கியபின் எஞ்சிய இடத்தில் எதை வைப்பது என்று எண்ணுவோரின் இல்லம், சிறியதாயினும் நிறைந்த இல்லம்.

அறம் வளர்க! ஜெய் ஜினேந்திரா!