பூட்டிய வீடுகளும் புதுக் குடிகளும்



எங்களில் பலர் வீடு வாங்கக் கடன்பட்டதில்லை. தேசவழமைப்படி வீடும் வளவும் சீதனமாக வந்தன. இன்று இதே பள்ளியில் படித்து ஆசிரியையாகும் பிள்ளைக்கு, சம்பளத்தில் இரண்டு பரப்புக் காணியும் எட்டாது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியது. சீமெந்தும் கம்பியும் கூடவே ஏறின. வெளிநாட்டுக் காசோடு வந்த எங்களுக்குக் காணி மலிவாகத் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் விலை ஏறியதில் எங்கள் பங்கும் உண்டு.

கனடாவிலும் லண்டனிலும் வாழும் சகோதரிகளே, ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்பதென்றால், குடியிருக்க வரும் ஒரு பிள்ளையை முதலில் கேளுங்கள். காசைத் தவணையாக வாங்குங்கள். ஆளில்லாத வீட்டைக் கறையான்தான் ஆளும்.